எவர் என்று கேட்கும் வலை: எல்லைப்புற மாணவரும் வளாக வைஃபையின் வரலாறும்

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் சாலை வாளையாற்றில் தமிழ்நாட்டு எல்லையைத் தொடுகிறது. அதற்குச் சற்று முன்னர், கஞ்சிக்கோட்டில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பாலக்காட்டு வளாகம் அமைந்துள்ளது. 2015இல் சென்னைக் கழகத்தின் வழிகாட்டுதலில் அது தொடங்கப்பட்டபோது வகுப்புகள் நடந்த இடம் கோழிப்பாறை. சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழ் மிகுந்து வழங்கும் பகுதி. தெற்கே, இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளமும் பீர்மேடும் 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் கேரளத்தின் பகுதிகளாயின. மூணாற்றுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வீட்டுமொழி இன்றும் பெரும்பாலும் தமிழே. இவ்வூர்களிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர், பாலக்காடாயினும் கோவையாயினும் மதுரையாயினும், வளாகத்தில் செய்யும் முதற் காரியங்களுள் ஒன்று தம் மடிக்கணினியை நிறுவனத்தின் வைஃபையில் இணைப்பது.

வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் ஒன்றே. அதனை அறிந்தவர் அனைவரும் உள்ளே வரலாம். பாதுகாக்கப்பட்ட வளாக வலையோ ஒவ்வொருவரிடமும் தனிப் பெயரையும் தனிக் கடவுச்சொல்லையும் கேட்கிறது. அத்துடன் திரையில் மற்றொரு வினாவும் எழுகிறது: ‘இந்தச் சர்வரின் சான்றிதழை நம்புகிறீர்களா?’ பலர் இதனை வாசிக்காமலே ஒப்புதல் அளித்துவிடுகின்றனர். அவ்வினா அங்கு வந்து சேர்ந்த கதை பொறியியலாளர்களுக்கு மட்டும் உரியதன்று.

1986இல் இந்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியபோது அதில் இணைந்தவை சென்னைக் கழகம் உள்ளிட்ட சில நிறுவனங்களே. வலையைத் தொடுவதென்றால் கணினி அறைக்குள் நுழைவது என்பதே அன்றைய பொருள். அறைக்கதவின் பூட்டே பாதுகாப்பு. தொலைபேசி வழியாக வெளியிலிருந்து இணைவோர் பெருகிய பிறகுதான் ஆளை அடையாளம் காணும் தேவை பிறந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகங்களை இணைத்த மெரிட் வலையமைப்பின் தேவைக்காக 1991இல் லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கிய நெறிமுறை ரேடியஸ் எனப் பெயர் பெற்றது. யார் வந்தார், உள்ளே விடலாமா, எவ்வளவு நேரம் இருந்தார் என மூன்றையும் ஓரிடத்தில் கேட்டுப் பதியும் ஏற்பாடு அது. இன்றைய வளாக வைஃபைக்குப் பின்னாலும் பெரும்பாலும் அதே நெறிமுறைதான் இயங்குகிறது.

1997இல் கம்பியில்லா வலைக்கான 802.11 தரம் வெளிவந்தது. அதனுடன் வந்த வெப் என்னும் குறியாக்கம், அனைவருக்கும் பொதுவான ஒரே திறவுகோலை நம்பியது. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் அதன் அடிப்படைக் குறையை வெளிப்படுத்தினர். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் ஆய்வாளர்கள் அதனை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினர். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற அறிவிக்கை 2005 ஜனவரியில் வந்தது. ஆக, இந்திய வளாகங்களில் வைஃபை பரவலாவதற்குரிய சட்டத் தடை நீங்கியபோதே அதன் முதற் பூட்டு பயனற்றதாகிவிட்டிருந்தது. தாமதம் சில வேளைகளில் நன்மையும் செய்யும்.

மாற்றாக வந்தது 2001ஆம் ஆண்டின் 802.1எக்ஸ் தரம். இதில் மூவர் உளர்: இணைய விரும்பும் கணினி, வாசலில் நிற்கும் அணுகுமுனை, உள்ளே அமர்ந்து பதிவேட்டைப் பார்க்கும் சர்வர். அணுகுமுனை தானாக எதையும் முடிவு செய்வதில்லை. கணினி சொல்வதை ரேடியஸ் சர்வருக்குக் கடத்தி, விடை வரும்வரை வேறெந்தத் தரவையும் அனுமதிக்காமல் நிறுத்தி வைக்கிறது. ஒப்புதல் கிடைத்ததும் அந்த ஒரு கணினிக்கெனத் தனித் திறவுகோல் பிறக்கிறது. பக்கத்து இருக்கை மாணவருக்கு அது தெரியாது. இணைய விரும்பும் கணினிக்கு இத்தரம் சூட்டிய ஆங்கிலப் பெயரின் பொருள் ‘மன்றாடுபவர்’ என்பது. பெயரிட்டவர்கள் அறிந்தே செய்தார்களோ என்னவோ, முதலாண்டு மாணவரின் நிலைக்கு அது பொருந்துகிறது.

2002இல் நெதர்லாந்தின் சர்ஃப்நெட் அமைப்பைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா இவ்விரண்டையும் இணைத்து முன்வைத்த கருத்திலிருந்தே எட்யூரோம் வளர்ந்தது. வேற்று நிறுவனத்துக்குச் செல்லும் ஆய்வாளர் தம் சொந்த நிறுவனத்தின் பெயரையும் கடவுச்சொல்லையுமே பயன்படுத்துவார். வினா அவருடைய தாய் நிறுவனத்துக்குச் சென்று விடையுடன் திரும்பும். விருந்தளிக்கும் நிறுவனம் கடவுச்சொல்லைக் காணாது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் இவ்வேற்பாட்டை இந்தியாவில் எர்நெட்டே நடத்துகிறது. 2020இல் வாளையாற்றிலும் குமுளியிலும் மின்னனுமதிச் சீட்டு கேட்கப்பட்ட நாட்களை நினைவில் கொண்ட எல்லைப்புறத்தாருக்கு, ஒருவரது அடையாளத்தை அவருடைய சொந்த ஊரே உறுதி செய்ய, மறுபுறம் அதனை ஏற்கும் இந்த ஒழுங்கு வியப்பளிக்கக்கூடும். இரு நிறுவனங்களும் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஆனால் சோதனைச்சாவடியில் ஆவணம் காட்டும் பயணி, கேட்பவர் உண்மையில் காவலரா என்று கேட்பதில்லை. 802.1எக்ஸ் அதனைக் கேட்க இடம் வைத்துள்ளது. சான்றிதழ் வினா அதுவே. அதனைப் பொருட்படுத்தாமல் விடுவதன் விலை 2012இல் தெரியவந்தது. வளாகங்களில் மிகப் பரவலான பீப் முறைக்குள் இயங்கும் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பின் பாதுகாப்பு முழுவதும் பழைய டெஸ் திறவுகோல் ஒன்றின் வலிமைக்குள் அடங்கிவிடுகிறது என மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் டெஃப்கான் மாநாட்டில் நிறுவினர். சான்றிதழ் சரிபார்க்கப்படும்வரை அந்த உரையாடல் மறைப்புக்குள் இருக்கும். சரிபார்க்காவிடில், வளாகத்தின் பெயரைச் சூடிய போலி அணுகுமுனையே அதனைப் பதிந்து, கடவுச்சொல்லுக்கு நிகரான மறைகுறியைப் பின்னர் மீட்டெடுக்கலாம். பல நிறுவனங்களில் மின்னஞ்சலுக்கும் தேர்வுப் பதிவுக்கும் அதே கடவுச்சொல்தான்.

இவ்வலட்சியத்துக்கு மாணவரைக் குறை கூறுவது நேர்மையன்று. உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்களின் வழிகாட்டிக் குறிப்புகள் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற தெரிவையே நெடுங்காலம் பரிந்துரைத்தன. அழைப்புகள் குறையும் என்பதே காரணம். 2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 11இன் புதுப்பிப்பு அத்தெரிவையே நீக்கிய பிறகுதான் பலர் குறிப்புகளைத் திருத்தி எழுத நேர்ந்தது. கேரளத்தில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே அம்மாநில மாணவர்கள் பள்ளியிலேயே கட்டற்ற குனு/லினக்ஸ் கணினியில் பயின்றவர்கள். தமிழ்வழிப் பள்ளிகளும் இதில் அடங்கும். விண்டோசுக்கு மட்டும் எழுதப்பட்ட குறிப்பு அவர்களுக்குப் பாதி உதவியே. லினக்சில் இணைப்பைக் கையாள்வது பெரும்பாலும் ஃபின்லாந்தின் யோனி மாலினென் எழுதத் தொடங்கிய ஒரு நிரல். அங்கு சான்றிதழ்க் கோப்பையும் சர்வரின் களப்பெயரையும் மாணவரே நிரப்ப வேண்டும். அவ்விரு விவரங்களையும் எழுதித் தராத குறிப்பு எந்த மொழியில் இருந்தாலும் பயனில்லை.

மலைப்பகுதியில் இவ்விணைப்பின் மதிப்பு கூடுதல். தேசிய ஒளியிழை வலையமைப்பில் முழுமையாக இணைந்த நாட்டின் முதல் மாவட்டம் என 2015 ஜனவரியில் இடுக்கி அறிவிக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, பெருந்தொற்றுக் காலத்தில், மூணாற்றுத் தோட்டப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குன்றேறினர். ஆய்விதழ்களின் சந்தாக்கள் பெரும்பாலும் வளாகத்தின் ஐபி முகவரிக்கு மட்டுமே திறப்பவை என்பதால், வைஃபையில் சரியாக இணைந்த கணினி ஆய்வு மாணவருக்கு நூலகத்தின் கதவுமாகிறது.

அக்கணினி விடுமுறையில் ஊருக்குத் திரும்பும்போதும் வளாக வலையின் பெயரை மறப்பதில்லை. அப்பெயரைக் கண்டவிடத்தில், அது மூணாற்றுப் பேருந்து நிலையமாயினும், தானே இணைய முயலும். எட்யூரோம் எங்கும் ஒரே பெயரில் இயங்குவதால் அப்பெயர் தோன்றுவதில் எவருக்கும் ஐயம் எழாது. எதிரில் இருப்பது உண்மையான சர்வரா என்பதைக் கணினி அறிய ஒரே வழி, முதல் வாரத்தில் உரிமையாளர் நிரப்பிய, அல்லது நிரப்பாமல் விட்ட, அந்தக் களப்பெயர்.