'சாரி'ன்னா எப்பவுமே மன்னிப்புதானா? ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தம்!

பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் 'சாரி'. ரிப்ளை லேட்டானால் 'சாரி'. ஒரு நாளைக்கு எத்தனை சாரி சொல்றோம்னு கணக்கே இல்லை. ஆனா, ஆங்கிலத்தில் இது எப்போதும் மன்னிப்பு கிடையாது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'வலியோடு, துயரத்தோடு இருப்பது' என்றே பொருள். புண், வலி என்று அர்த்தம் தரும் 'சோர்' இதன் நெருங்கிய சொந்தம். அதாவது, வருத்தம்தான் மூத்தது. மன்னிப்பு பிறகு வந்து சேர்ந்தது.

எங்கெல்லாம் சாரி?

* 'ஐ ஆம் சாரி': தப்பு செய்தபோது மன்னிப்பு.
* 'சாரி ஃபார் யுவர் லாஸ்': துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல். 'நீ என்ன தப்பு பண்ணின?' என்று கேட்கக் கூடாது!
* 'சாரி?' என்று கேள்வியாக இழுத்தால்: காதில் விழலை, திரும்பச் சொல்லுங்க.
* 'சாரி, வி ஆர் க்ளோஸ்டு': நாசூக்கான மறுப்பு.
* 'சாரி ஸ்டேட்': பரிதாபமான, மோசமான நிலை.

24 பேரை மீட்ட சாரி

2001 ஏப்ரல் 1. தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி இறந்துபோனார். ஹைனான் தீவில் இறங்கிய அமெரிக்க விமானத்தின் 24 பேரை சீனா பிடித்துவைத்து, மன்னிப்பு கேட்கச் சொன்னது. அமெரிக்கா அனுப்பிய கடிதத்தில் 'வெரி சாரி' என்று இரண்டு இடங்களில் இருந்தது. சீனா அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டு 24 பேரையும் அனுப்பியது. அமெரிக்காவோ, 'வருத்தம்தான் தெரிவித்தோம், மன்னிப்பு கேட்கவில்லை' என்றது. இரண்டு அர்த்தம் இருந்ததால்தான் இரண்டு பக்கமும் கௌரவம் தப்பியது!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009-ல் இதற்காகச் சட்டமே வந்தது. அங்கே சாரி சொன்னதை மட்டும் வைத்து, சிவில் வழக்கில் 'தப்பை ஒப்புக்கொண்டார்' என்று வாதாட முடியாது.

நீங்க எந்த சாரி?

தமிழில் 'வருந்துகிறேன்' வேறு, 'மன்னிச்சிடுங்க' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. 'நீ ஹர்ட் ஆகியிருந்தா சாரி' என்று அனுப்பினால், பழி எதிராளி மேலேயே விழுகிறது. 'நான் அப்படிப் பேசினது தப்பு, சாரி' என்று அனுப்பிப் பாருங்க. அதுதான் மன்னிப்பு!