மதுரைச் சீமையிலிருந்து கடல் கடந்தோர்: முன்னோர் தேடலின் வரலாறு

மதுரையிலிருந்தும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஏராளமானோர் இலங்கை, மொரீசியஸ், நேட்டால், பிஜி, மலேயா, பர்மா ஆகிய இடங்களுக்குப் போனார்கள். கூலியாட்களும் கங்காணிகளும் வணிகர்களும் அவர்களில் அடக்கம். அவர்களுடைய சொந்த ஊரையும் பங்காளிகளையும் பிற்காலத் தலைமுறையினர் கண்டறிய முயல்வது முன்னோர் தேடல் எனப்படுகிறது. போன இடம் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தே தேடும் வழி அமைகிறது. பல வாரம் கப்பலில் போய்த் தொலைதூரக் காலனிகளில் இறங்கியவருக்கு ஆளுக்கொரு சீட்டு எழுதப்பட்டது. பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போன பெருங்கூட்டத்துக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே முன்னவர்களின் தடம் ஆவணக் காப்பகத்திலும் பின்னவர்களின் தடம் பெரும்பாலும் ஊரிலும் கிடைக்கிறது.

மதுரை ஜில்லாவின் எல்லை

பழைய தாள்களில் காணப்படும் ‘மதுரை ஜில்லா’ இன்றைய மதுரை மாவட்டம் அன்று. திண்டுக்கல், பழனி, பெரியகுளம், கம்பம் பகுதிகளோடு இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் அதில் அடங்கியிருந்தன. 1910இல் ஜமீன் பகுதிகள் பிரிந்து, திருநெல்வேலி ஜில்லாவின் சில பகுதிகளோடு சேர்ந்து இராமநாதபுரம் மாவட்டமாயின. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டு இராமநாதபுரமும் மூன்றாகப் பிரிந்தது. தேனி 1996இல் உருவானது. எனவே 1910க்கு முந்தைய சீட்டில் ‘மதுரை’ என்றிருந்தால், அந்த ஊர் பரமக்குடிப் பக்கமும் இருக்கலாம், கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பக்கமும் இருக்கலாம். தாலுகாவின் பெயர் தெரியாமல் தேடத் தொடங்குவது பெரும்பாலும் வீண்.

வெளியேற்றத்தின் காரணங்கள்

வைகைப் பாசனத்துக்கு அப்பாற்பட்ட ஊர்கள் கண்மாயையும் மழையையுமே நம்பியிருந்தன. 1876–78 பஞ்சம் ஊர்களைக் காலி செய்தது. பெரியாறு அணை நீர் 1895இல் வந்த பிறகு மேலூர்ப் பக்கம் ஓரளவு தேறியது. உசிலம்பட்டி, திருமங்கலம், முதுகுளத்தூர்க் கரிசலும் செவலும் வானம் பார்த்த பூமியாகவே நீடித்தன. நிலமில்லாத பண்ணையாட்களுக்கும் கடனில் நிலத்தை இழந்த சிறு குடியானவர்களுக்கும் அக்கரைச் சீமை ஒரு போக்கிடமாயிற்று.

தொலைதூரக் காலனிகளுக்குப் போனோர்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை 1834இல் சட்டப்படி நீங்கியதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். மொரீசியஸுக்கு அந்த ஆண்டே ஆட்கள் போகத் தொடங்கினர். நேட்டாலுக்கான முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலில் இறங்கினர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றுவது 1903இல்தான் தொடங்கியது. அங்குப் போன சுமார் 61,000 பேரில் கால்பங்கு அளவினர் தென்னாட்டவர்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. கப்பலின் பெயர், வரிசை எண், ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர், உடல் அடையாளம் என்ற கட்டங்கள் அதில் உண்டு. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவே முழங்கால் தழும்பையும் கன்னத்து மச்சத்தையும் குமாஸ்தாக்கள் குறித்தார்கள். படம் எதுவும் இல்லாத குடும்பங்களுக்கு இன்று கொள்ளுத்தாத்தாவின் உருவம் பற்றிக் கிடைக்கும் ஒரே செய்தி அதுதான். மொரீசியஸில் 1860களிலிருந்து குடியேறியவர்களின் புகைப்படமும் எடுக்கப்பட்டது. அந்நாட்டுப் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும், பிஜிச் சீட்டுகள் சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், நேட்டால் கப்பல் பட்டியல்கள் டர்பன் காப்பகத்திலும் உள்ளன. நேட்டாலில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த காலனி எண் பிற்காலப் பதிவுகளிலும் இடம்பெற்றதால், அந்த எண்ணை மறக்காத குடும்பத்துக்குப் பாதி வேலை முடிந்ததற்குச் சமம்.

கண்டிச் சீமைக்குப் போனோர்

மதுரைப் பக்கத்தார் அதிகமாகப் போனது இலங்கை மலைநாட்டுக்குத்தான். அதைக் கண்டிச் சீமை என்றே சொன்னார்கள். தொடக்கத்தில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் போய்விட்டு ஊர் திரும்பினார்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தனர். காலராவும் அம்மையும் அந்த வழியில் கொண்டுபோனவர்களுக்குக் கணக்கில்லை. மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கும் வழி நிலைபெற்றது.

1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கியிருந்தார். கொழுந்து பறிக்கும் வேலை ஆண்டு முழுவதும் உண்டு என்பதால் குடும்பங்கள் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் தங்கிவிட்டன. முன்னோர் தேடலில் இந்த மாற்றம் ஒரு முக்கியமான கோடு. காப்பிக் காலத்து ஆளுக்கு ஊரில் வீடும் உறவும் நின்றன. தேயிலைக் காலத்துக் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறைக்குள் ஊரின் பெயர் மட்டுமே எஞ்சியது. 1921 கணக்கெடுப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் சுமார் 6 லட்சம் பேர்.

அருகிலுள்ள தீவு என்பதால் இந்தப் போக்குவரத்து குடியேற்றச் சட்டங்களின் கடுமையான விதிகளுக்கு உட்படாமல் நெடுங்காலம் நடந்தது. கங்காணி முன்பணம் கொடுத்துத் தன் ஊராரையும் உறவினரையும் அழைத்துப் போவார். பிற்காலத்தில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இலங்கை அரசு முகாம்களை நடத்திற்று. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி ஆட்களை அனுப்பினார்கள். அந்த வில்லை போகும் இடத்தைச் சொன்னதே தவிர, வந்த ஊரைச் சொல்லவில்லை. கடன் தொகையைக் குறித்துத் தோட்டத் துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ம் அப்படியே. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

தோட்டப் பெயரிலும் சிக்கல் உண்டு. துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் மிகுந்திருந்ததால் டன்சினேன், பிளேர் அத்தோல் போன்ற அந்நாட்டு இடப்பெயர்கள் தோட்டங்களுக்கு வந்தன. தொழிலாளர்கள் தமிழில் வேறு பெயர் வைத்து அழைத்தார்கள். குடும்பத்தின் நினைவில் இருப்பது தமிழ்ப் பெயர், தாளில் இருப்பது ஆங்கிலப் பெயர். இரண்டையும் சேர்த்து அச்சிட்ட பெர்குசன் ஆண்டுக் கையேடு இங்கே பெரிதும் கைகொடுக்கிறது.

கங்காணியின் ஊரும் ஒரு தடயமாகலாம். பிள்ளையார்பட்டிக்கு அருகிலுள்ள முனப்புதூரில் 1913இல் பிறந்த சௌமியமூர்த்தி தொண்டமான், இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்தை வாங்கிய பெரிய கங்காணி கருப்பையாவின் மகன். பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கியவர். பெரிய கங்காணிக் குடும்பத்துக்கு இரு கரையிலும் சொத்தும் போக்குவரத்தும் இருந்தன. ஒரு கங்காணி அழைத்துப்போன ஆட்களின் ஊர் தெரியாதபோது, கங்காணியின் ஊரிலிருந்தும் அதன் சுற்றுப்பட்டியிலிருந்தும் தேடத் தொடங்குவது வழக்கம்.

மலேயாவும் பர்மாவும்

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. 1907இல் குடியேற்ற நிதி ஏற்பட்டு, உரிமம் பெற்ற கங்காணிகள் ஆள் சேர்த்தனர். உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு மலேயாவுக்கும், 1939இல் இலங்கைக்கும் நிறுத்தியது.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்காகப் போன நகரத்தாரின் வழியைக் கண்டுபிடிப்பது எளிது. இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி, மாத்தூர் முதலிய ஒன்பது கோயில்களில் ஏதேனும் ஒன்றில் மணமான ஒவ்வொரு ஆணும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்படுகிறார். பேரேடுகளும் வீட்டில் உண்டு. கூலியாட்களுக்கு இவை எதுவும் இல்லை. நிலத்தீர்வைப் பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும். பண்ணையாள் பெயர் ஏறாது.

ஊர்ப்பக்கச் சான்றுகள்

ஸ்காட்லாந்துத் தீவுகளிலிருந்து கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் வழியினர் திருச்சபைப் பதிவேடுகளையும் 1855இல் தொடங்கிய அரசுப் பதிவுகளையும் வைத்துப் பல தலைமுறை பின்னுக்குப் போகிறார்கள். மதுரை வட்டாரத்தில் அந்த வசதி பெரும்பாலும் கிறித்தவக் குடும்பங்களுக்கே உண்டு. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனும் இயேசு சபையின் மதுரை மிஷனும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்தன. இயேசு சபையின் காப்பகம் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சென்னை மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்பு கிராமப் பதிவு பெரிதாக இல்லை.

ஆகையால் ஊரே பதிவேடாகிறது. முதல் கேள்வி குலதெய்வம் எது என்பது. மாசி மகா சிவராத்திரிக்கு உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் குலதெய்வக் கோயில்களில் வெளியூர்ப் பங்காளிகள் ஒன்று கூடுவார்கள். எந்தச் சாமி, பங்காளிகளுள் எந்தக் கரை, எந்த வகையறா என்று சொல்லத் தெரிந்தவருக்குப் பூசாரியும் பெரியவர்களும் மூன்று நான்கு தலைமுறையைக் கோத்துச் சொல்வது உண்டு.

அதற்கு அடுத்தது நோட்டுகள். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கும் தலைக்கட்டு வரிக் கணக்கில் பங்காளிகளின் பெயர் வரிசை இருக்கிறது. காதுகுத்து, வசந்த விழா, கல்யாண வீட்டு மொய் நோட்டில் பெயருக்கு முன்னால் ஊர், பின்னால் தொகை. மாமன் முறையா பங்காளி முறையா என்பதைத் தொகையும் சீர்வரிசையுமே காட்டிவிடும். இலங்கையிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்த செய்முறை ஒரு வரியாக அதில் பதிந்திருந்தால், உறவு அந்த ஆண்டு வரையிலாவது தொடர்ந்தது என்பதற்கு அது சான்று. பழைய நோட்டுகளைக் கரையானும் மழைநீரும் விட்டுவைப்பதில்லை என்பதுதான் குறை.

பெயர், ஊர், தெய்வம்: தவறிழைக்கும் இடங்கள்

தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. காலனி அலுவலகங்களில் தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப்பெயராக நிலைத்தது. தென்னாப்பிரிக்காவின் மூட்லியும் படையாச்சியும், மொரீசியஸின் வீரசாமியும் அப்படி வந்தவை. நேட்டாலின் தொடக்கப் பட்டியல்களில் சாதிக் கட்டத்தில் தமிழருக்கு ‘மலபார்’ என்றே எழுதியிருப்பதும் உண்டு. பதிவு செய்த இடத்தைப் பிறந்த ஊர் என்று கொள்வதும் தவறு. பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில் ஆள்பிடிப்பவரிடம் சிக்கியவர்கள் பலர். புதுப்பட்டி, புதூர் போன்ற பெயர்களில் ஒரே தாலுகாவிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருப்பதால், தாலுகாவோடு குலதெய்வமும் பொருந்தினால்தான் முடிவு சொல்லலாம்.

மதுரைவீரன் வழிபாடு மலேசியா, மொரீசியஸ் முதல் கரீபியன் தீவான மார்த்தினிக் வரை போயிருக்கிறது. மார்த்தினிக்கில் அச்சாமியை ‘மால்டெவிலன்’ என்கிறார்கள். ஆனால் அத்தீவுக்கான ஆட்கள் காரைக்கால், புதுச்சேரி வழியாகப் போனவர்கள். மதுரைவீரனோ தமிழகம் முழுவதும் கும்பிடப்படுபவர். அவரைக் கும்பிடுவதால் மட்டும் முன்னோர் மதுரைக்காரர் ஆகிவிடமாட்டார்.

ஊர் திரும்பியோர்

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். அதன்பின் சொந்த ஊர் எது என்பது அரசுப் படிவத்தின் கேள்வியாயிற்று. தோட்டத்தில் பிறந்து ஊரையே பார்த்திராதவர்களும் தாத்தா சொன்ன ஊரைச் சொல்லி, குடும்ப அட்டையோடு மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தனர். ஊரில் நிலமும் வேலையும் இல்லாமற்போக, பலர் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் நகர்ந்தனர். அங்கே அவர்கள் ‘சிலோன்காரர்’. தாயகம் திரும்பியோருக்கான அந்தக் காலத்துத் தாள்களே, இலங்கைக் கிளையின் ஊர்ப்பெயரை எழுத்தில் தரும் மிகப் பரவலான சான்று. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எழுதிக் கொடுத்துப் பிரிந்ததால், இன்றைய தேடல்களில் ஒரு பகுதி இவ்விரு கிளைகளுக்கும் இடையே நடப்பது.

இன்றைய நிலை

வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை பெற முன்னோர் இந்தியர் என்று காட்டும் ஆவணம் தேவைப்படுவதால் தேடல் பெருகியிருக்கிறது. மொரீசியஸ்வாசிகளுக்கு அச்சலுகை ஏழாம் தலைமுறை வரை நீட்டிக்கப்படுவதாக 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. தமிழ்நாடு அரசின் ‘வேர்களைத் தேடி’ திட்டம் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து பண்பாட்டு இடங்களைக் காட்டுகிறது. குடும்ப வழியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அதன் நோக்கம் அன்று.

அரசு கேட்பது சீட்டு. ஊர் கேட்பது குலதெய்வம், கரை, முறை. பிஜிச் சீட்டை நீட்டுபவருக்கு அட்டை கிடைக்கலாம். பங்காளி வீடு தெரியாமலே திரும்பவும் நேரலாம். கண்டிச் சீமைக் குடும்பம் ஒன்று தாள் எதுவும் இல்லாமலே வகையறாவைச் சொல்லி ஊருக்குள் சேர்ந்துவிடலாம். அப்படிச் சேர்ந்ததற்கு ஊரார் காட்டும் அடையாளம் நடைமுறையானது: அடுத்த திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு அந்த வீட்டுக்கும் ஆள் வரும்.