கழிக்கப்பட்ட படைத்துப்பாக்கியும் உழவரின் நாட்டுத் துப்பாக்கியும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளில் படைகள் கழித்த போல்ட்-ஆக்‌ஷன் ரைபிள்கள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அவற்றைச் சேகரித்தலும் பேணுதலும் இலக்கில் சுடுதலும் அங்குப் பொழுதுபோக்காக வளர்ந்தன. அதே ரைபிளைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்த இந்தியாவில் அவ்வாறு நிகழவில்லை. அதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

.303 ரைபிளும் பராமரிப்பும்

மக்கள் வழக்கில் 'திரீ நாட் திரீ' எனப்படும் லீ-என்ஃபீல்டு, பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் ரைபிள் ஆகும். வங்காளத்தின் இஷாப்பூர்த் தொழிற்சாலை இதனை உற்பத்தி செய்தது. 1962 சீனப் போரிலும் இந்தியக் காலாட்படை இதனை ஏந்தியது. பின்னர் இது காவல்துறைக்கும் தேசிய மாணவர் படைக்கும் சென்றது. பழைய தோட்டாக்களின் தீமூட்டி எரிந்தபின் குழலில் படியும் உப்பு, ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். எனவே, குழலில் கொதிநீர் ஊற்றி, 'புல்த்ரூ' கயிற்றில் துணி கோத்து இழுத்துத் துடைத்து, எண்ணெய் பூசுவது பராமரிப்பு முறையாயிற்று.

சட்டத்தின் தடை

1857 கிளர்ச்சியின் நினைவு நீங்காத சூழலில் இயற்றப்பட்ட 1878 ஆயுதச் சட்டம், இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. படைத்தோட்டா பொதுமக்களிடம் சேரலாகாது என்பதே ஆட்சியின் கவலை. காவலர்க்கென .303 ரைபிளை ஒற்றைத் தோட்டா .410 மஸ்கட்டாக மாற்றியதும் இக்கவலையின் விளைவே. விடுதலைக்குப் பின்னரும் இந்நோக்கு நீடித்தது. 1962 ஆயுத விதிகள் .303, 7.62 மி.மீ. படைவகை ரைபிள்களையும் .410 மஸ்கட்டையும் முதல் வகையில் சேர்த்தன. ஆகவே, உரிமம் பெற்ற குடிமக்களுக்கென இஷாப்பூர் .315 ரைபிளைச் செய்தது. அதன் இயக்கம் லீ-என்ஃபீல்டுடையது. தோட்டா மட்டும் வேறு.

வட்டார நிலை

1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியையும், 2019 திருத்தத்துக்கு முன்வரை அங்கீகாரம் பெற்ற சுடுகழக உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்கு .22 ரைபிளையும் குறிப்பிட்டது. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூரின் மானாவாரி நிலத்து உழவருக்கு இச்சட்டம் சுட்டிய கருவி நாட்டுத் துப்பாக்கியே. நரிக்குறவர் சமூகத்தின் வேட்டை மரபோடும் அதுவே பிணைந்துள்ளது. ஒரே வட்டாரத்தில் காவலர் கையில் இருபதாம் நூற்றாண்டின் ரைபிளும், உழவர் கையில் அதற்கு முந்தைய நூற்றாண்டின் தொழில்நுட்பமும் அருகருகே நின்றமைக்குக் காரணம் வறுமை மட்டுமன்று, சட்டமும் ஆகும்.

முடிவுரை

உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020இல் .303 ரைபிளுக்கு விடைகொடுத்தது. கழிக்கப்படும் ரைபிள் ஒவ்வொன்றிலும் தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, முடிச்சின்னம் அல்லது அசோகச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். தனியார் சேகரிப்பு இயலாத நாட்டில் இப்பொறிப்புகளைக் காக்கும் பொறுப்பு அரசு ஆயுதக் கிடங்குகளையும் அருங்காட்சியகங்களையுமே சாரும். உருக்குவதற்கு முன் அவற்றைப் படியெடுத்துப் பதிவுசெய்தல் வேண்டும். கல்வெட்டைப் படியெடுக்கும் ஆய்வுலகம் இரும்பிலுள்ள எழுத்தையும் சான்றாகக் கொள்ளுதல் தகும்.