தாத்தாப்பூவுக்கு எந்த ஊரு?

வெட்டுக்காயப்பூண்டு படத்தைப் போட்டு, 'சங்ககாலத்துலயே நம்ம சித்தர்கள் கண்டுபிடிச்ச மூலிகை'ன்னு வாட்ஸப்ல ஒரு செய்தி சுத்துது. மூணு குரூப்ல வந்தாச்சு. கொஞ்சம் நோண்டிப் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன்.

செடி உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ரோட்டோரம், ரயில்வே லைன் ஓரம், மொட்டைமாடி விரிசல்னு எங்க வேணா முளைக்கும். நீளமான மெலிசான காம்பு, உச்சியில ஒத்தைப் பூ. நடுவுல மஞ்சள், சுத்தி அஞ்சாறு வெளிறின இதழ், ஒவ்வொரு இதழ் நுனியிலயும் மூணு பல். ஸ்கூல் போற வழியில காம்பை வளைச்சு, கட்டைவிரலால தலையைச் சுண்டி விடுவோமே, அதேதான். எங்களுக்கு அது தாத்தாப்பூ. விதை முத்தினா பஞ்சு மாதிரி வெள்ளையா நிக்கும். நரைச்ச தலையைப் பார்த்துத்தான் அந்தப் பேருன்னு என் ஊகம்.

ஆனா தாத்தா நம்மூர்க்காரர் இல்லைங்க! பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். லின்னேயஸ் 1753ல இதுக்கு 'டிரைடாக்ஸ் புரோகம்பன்ஸ்'னு பேர் வச்சப்போ, கிடைக்கும் இடம்னு எழுதினது மெக்சிகோவின் வேராகுரூஸ். 'புரோகம்பன்ஸ்'னா லத்தீன்ல தரையோட சாஞ்சு கிடக்கிறதுன்னு அர்த்தம். 1492ல கொலம்பஸ் அந்தப் பக்கம் போறதுக்கு முன்னாடி இது நம்ம வரப்புக்கு வந்திருக்க வழியில்லை. சங்ககாலம் அதுக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல முந்தினது. கணக்கு உதைக்குது.

அப்போ 'வெட்டுக்காயப்பூண்டு'ங்கிற பேர் எங்கிருந்து வந்துச்சு? எந்த ஓலைச்சுவடியிலருந்தும் வரலை. அரிவாள் பட்ட கையில இந்த இலையைக் கசக்கிப் பிழிஞ்ச யாரோ வச்ச பேரு. அமெரிக்காவுலருந்து வந்த ஒரு காய்க்கு, மிளகு மாதிரி உறைக்குதேன்னு மிளகாய்னு பேர் வச்ச அதே ஆளுங்க. புதுசா வந்த களையைக் கையில எடுத்துப் பார்த்து, இது எதுக்கு ஆகும்னு சோதிச்சிருக்காங்க. அந்தப் பெருமையைப் பிடுங்கி சித்தர் கணக்குல எழுதுறதுதான் எனக்குக் கடுப்பு. (ஆழமான வெட்டுன்னா இலையைத் தேடாம டாக்டர்கிட்ட போயிடுங்க சாமி.)

தெலுங்குல இது கட்டி சாமந்தி, அதாவது புல்லுச் சாமந்தி. இங்கிலீஷ்காரனுக்குக் கோட் பட்டன். அமெரிக்க அரசாங்கமோ தீங்கான களைகள் பட்டியல்ல சேர்த்து வச்சிருக்கு :-) தமிழ்லயே மூக்குத்திப்பூ, கிணற்றடிப்பூண்டுன்னு ஊருக்கு ஒண்ணு இருக்கு. உங்க ஊர்ல என்ன சொல்வீங்க? பின்னூட்டத்துல ஊர் பேரோட போடுங்க மக்கா.