வெற்று நாற்காலியின் வரலாறு



வோக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1936இல் அற்லாண்டா நகரில் எடுத்த படமொன்று என்னை நெடுநாள் ஏமாற்றியது. கறுப்பினத்தவரின் சலூன் ஒன்றின் உட்புறம் அது. நாற்காலிகள் இருக்கின்றன, துணிகள் தொங்குகின்றன, மனிதர் எவருமில்லை. வறுமையின் சித்திரம் என்றே எண்ணினேன். அந்த நாற்காலியின் வரலாற்றைப் படித்த பின்புதான் என் பார்வையின் குறை புலப்பட்டது.

அதே அற்லாண்டாவில் புகழ்பெற்ற சலூன் ஒன்றை நடத்தியவர் அலொன்சோ ஹேர்ண்டன். 1858இல் ஜோர்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பளிங்கும் பெரிய கண்ணாடிகளும் சரவிளக்குகளுமாக விளங்கியது அவரது கடை. சவரம் செய்தோர் கறுப்பர். நாற்காலியில் அமர்ந்தோரோ வெள்ளையர் மட்டுமே. உரிமையாளரின் இனத்தவருக்கு அங்கே வாடிக்கையாளராக இடமில்லை. தன் கழுத்தைக் கறுப்பரின் கத்திக்கு நம்பிக் கொடுத்த வெள்ளையர், அவரோடு சமமாக அமர மட்டும் சம்மதிக்கவில்லை. 1906இல் அந்நகரில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தாக்கியபோது ஹேர்ண்டனின் கடையும் சேதமுற்றது.

இதனாலேயே கறுப்பினக் குடியிருப்புகளில் அவர்கள் தமக்கென நடத்திய சலூன்கள் தனிப் பெறுமதி பெற்றன. ஏனைய இடங்களில் தலைகுனிந்து நின்றவர், அங்கே தலைநிமிர்ந்து அமர்ந்தார். 1905இல் தொடங்கிய 'சிக்காகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் அங்கே கைமாறின. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்டனர். முறைக்காகக் காத்திருந்த நேரம் அரசியலுக்கும் அரட்டைக்கும் உரியதாயிற்று. பெரியவர்களின் வாதங்களைக் கேட்டபடியே சிறுவர்கள் வளர்ந்தார்கள்.

எவன்ஸ் வெள்ளையர், மத்திய அரசின் திணைக்களம் ஒன்றிற்காகப் படமெடுக்க வந்தவர். அவரது படம் நேர்மையானது. இடத்தைக் கூர்ந்து காட்டுகிறது. ஆயினும் அங்கே கூடிய மனிதரின் குரலை நாம்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நாற்பது ஆண்டுகளின் பின், 1976இல், டவூட் பே என்ற கறுப்பின இளைஞர் நியூயோர்க்கின் ஹார்லெமில் ஒரு சலூனுக்குள் கமராவுடன் நுழைந்தார். அவருடைய பெற்றோர் முன்பு வாழ்ந்த பகுதி அது. அவர் எடுத்த படத்தில் டியஸ் மக்னீல் என்ற சவரத் தொழிலாளி தன் கடையில் நின்று நம்மை நேரே நோக்குகிறார். 'இது என் இடம்' என்று அவர் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. ஹார்லெம் மக்களைக் காட்டும் அந்தப் படவரிசை 1979இல் ஹார்லெமிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது. படத்தில் இருந்தோரும் அயலவரும் சென்று பார்க்கக்கூடிய இடம்.

அந்த நம்பிக்கை இன்றும் பயன் தருகிறது. லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 52 சலூன்களின் வாடிக்கையாளரான 319 கறுப்பின ஆண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. மருந்தாளர்கள் சலூனுக்கே வந்து சிகிச்சையளித்த குழுவினரின் மேல் இரத்த அழுத்தம் ஆறு மாதங்களில் சராசரியாக 27 அலகுகள் குறைந்தது. சவரத் தொழிலாளியின் அறிவுரையோடு வைத்தியரை நாடும்படி கேட்கப்பட்ட மற்றைய குழுவில் குறைந்தது ஏறத்தாழ 9 அலகுகளே.

எவன்ஸின் படத்தை இப்போது மீண்டும் பார்க்கிறேன். அந்த நாற்காலி எனக்கு வெறுமையாகத் தெரியவில்லை. தன் இனத்தவன் வந்து அமர்வதற்காக அது காத்திருக்கிறது.