முதலில் நிலையம்: இந்திய ஹைட்ரஜன் பேருந்துகளின் எரிபொருள் வரலாறும் புதுவாயல் சாலையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டிக்கு முன்னால், கவரைப்பேட்டையை ஒட்டி இருக்கிறது புதுவாயல். இதே திருவள்ளூர் மாவட்டத்து வெள்ளிவாயல்சாவடியில் அசோக் லேலண்டின் தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் ஐந்து ஹைட்ரஜன் எரிபொருள் கலப் பேருந்துகள் லடாக்கின் லே நகரத்துக்குப் போயின. அவற்றுக்கு எரிவாயு நிரப்பும் நிலையம் அங்கே அமைந்தது. இந்தச் சாலையில் அமையவில்லை. இந்த இடைவெளி எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஹைட்ரஜன் பேருந்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வண்டியைச் சுற்றியே நடக்கிறது. வரலாற்றை நிர்ணயித்ததோ நிரப்பு நிலையம். 2003-இல் ஐரோப்பாவின் ஒன்பது நகரங்கள் நகருக்கு மூன்றாக 27 பேருந்துகளை ஓட்டத் தொடங்கியபோது, ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு நிலையத்தையும் கட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் வளரும் நாடுகளுக்கென வகுத்த எரிபொருள் கலப் பேருந்துத் திட்டத்தில் டெல்லியும் இருந்தது. பிரேசிலும் சீனாவும் பேருந்துகளை ஓட்டிப் பார்த்தன. டெல்லித் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

இந்தியாவில் கதை ஆய்வுக்கூடங்களின் மதிலுக்குள் தொடங்கியது. 2005-இல் இந்தியன் ஆயில் தன் ஃபரிதாபாத் ஆய்வு மையத்தில் ஹைட்ரஜன் நிரப்பு நிலையத்தை அமைத்தது. 2006-இல் டாடா மோட்டார்ஸும் இஸ்ரோவும் கைகோத்தன. 2013 ஜூலை 28 அன்று, மகேந்திரகிரியில் அப்போது இயங்கிய திரவ உந்து அமைப்பு மையத்தில் அவர்களின் பேருந்து ஓடிக்காட்டியது. அந்த இடம் பொருத்தமானது. கிரையோஜெனிக் எஞ்சின்களுக்காக ஹைட்ரஜனைப் பல்லாண்டுகள் கையாண்டு பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் நெல்லை மாவட்டத்துப் பயணி ஒருவர் டிக்கெட் எடுத்து ஏறும் சேவையாக அது மாறவில்லை. ஹைட்ரஜன் ஏற்கெனவே இருந்த இடத்துக்குப் பேருந்து போனது. பயணி இருக்கும் இடத்துக்கு ஹைட்ரஜன் வரவில்லை. 2023 செப்டம்பரில் டெல்லியில் கொடியசைத்து அனுப்பப்பட்ட இரண்டு டாடா பேருந்துகளும் எரிவாயுவுக்கு ஃபரிதாபாத்தையே நம்பியிருந்தன.

இந்த வரிசையை மாற்றியது லே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், 1.7 மெகாவாட் சூரிய மின் நிலையத்துடன் நாளொன்றுக்கு 80 கிலோ ஹைட்ரஜன் தரும் நிலையத்தை என்.டி.பி.சி. அமைத்தது. உற்பத்தி, அழுத்தம், நிரப்பல் மூன்றும் ஒரே இடத்தில். இதன் அருமை புரிய கனடாவின் விஸ்லரைப் பார்க்க வேண்டும். 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி அங்கே 20 பேருந்துகள் ஓடின. ஹைட்ரஜனோ நாட்டின் மறுகோடியான கியூபெக்கிலிருந்து லாரியில் வந்தது. 2014-இல் சேவை நின்றது.

லேயை அப்படியே புதுவாயலில் நகலெடுக்க முடியாது. வெப்பம் முதல் காரணம். 350 பார் அழுத்தத்தில் வாயுவைச் செலுத்தும்போது கலன் சூடாகும். அது 85 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் மெதுவாக நிரப்ப வேண்டும், அல்லது வாயுவை முன்கூட்டியே குளிர்விக்க வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். அளவு அடுத்த காரணம். இருபது பேருந்துகள் தினமும் 200 கிலோமீட்டர் ஓடினால், நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது கிலோ என்ற கணக்கில் 360 கிலோ ஹைட்ரஜன் தேவை. அதைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 யூனிட் மின்சாரம் செலவாகும்.

2025 மார்ச்சில் மத்திய அரசு 37 ஹைட்ரஜன் வாகனங்கள், 9 நிரப்பு நிலையங்கள், 10 வழித்தடங்களுக்கு சுமார் 208 கோடி ரூபாய் ஒதுக்கியது. கேரளத்தின் திருவனந்தபுரம்–கொச்சி அதில் உண்டு; 16-ஆம் எண் நெடுஞ்சாலையின் விசாகப்பட்டினம்–பய்யவரம் பகுதியும் உண்டு. அதே சாலையின் தமிழ்நாட்டு முனை இல்லை. பேருந்துத் தொழில்நுட்ப மையம் உள்ள மாவட்டம் இப்பட்டியலில் விடுபட்டது எனக்கு வருத்தமே.

ஆனாலும் எந்தப் பேருந்துக்காக நிலையம் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சென்னைக்குள் ஓடும் வண்டிக்கு பேட்டரியே போதும்; 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டுவிட்டன. இரவில் பணிமனைக்குத் திரும்பும் வண்டியை அங்கேயே சார்ஜ் செய்துகொள்ளலாம். கும்மிடிப்பூண்டி–சென்னை தூரத்துக்கும் ஹைட்ரஜன் வீண் செலவு. மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நெல்லூர், விஜயவாடா நோக்கிப் போகும் நெடுந்தூர வண்டிகளின் நிலை வேறு. வழியில் மணிக்கணக்கில் நின்று சார்ஜ் ஏற்ற அவற்றின் கால அட்டவணையில் இடமில்லை. அவை போகும் வழியில்தான் புதுவாயல் இருக்கிறது. இங்கே ஒரு நிலையம் திட்டமிடப்பட்டால், அதன் கொள்ளளவை நகரப் பேருந்துகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, ஆந்திர எல்லையைக் கடக்கும் தினசரி சேவைகளை வைத்துக் கணக்கிட வேண்டும்.