மத்திய அமைச்சகங்களின் சீரமைப்பு

இந்திய அரசின் அமைச்சகங்களையும் துறைகளையும் அவற்றின் கீழுள்ள அலுவலகங்களையும் இணைப்பது, பிரிப்பது, ஒன்றின் பொறுப்பை மற்றொன்றுக்கு மாற்றுவது, தேவை தீர்ந்தவற்றைக் கலைப்பது ஆகியவை அமைச்சகச் சீரமைப்பு எனப்படும். 1947-இல் 18 துறைகளோடு தொடங்கிய சுதந்திர இந்தியாவின் மத்தியச் செயலகம் இன்று 50-க்கு மேற்பட்ட அமைச்சகங்களாக விரிந்திருக்கிறது. எண்ணிக்கையைக் குறைக்கும்படி குழுவுக்குப் பின் குழு பரிந்துரைத்த காலத்தில்தான் இந்த வளர்ச்சி நடந்தது.

சட்ட அடிப்படை

அரசமைப்பின் 77(3) உறுப்பு, அரசின் அலுவல்களை அமைச்சர்களிடையே பகிர்ந்தளிக்க விதிகள் வகுக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. அதன்படி 1961 ஜனவரி 14 அன்று பிறப்பிக்கப்பட்ட அலுவல் ஒதுக்கீட்டு விதிகளே இன்றும் நடைமுறையில் உள்ளன. அவற்றின் முதல் அட்டவணையில் அமைச்சகங்கள், துறைகளின் பெயர்கள் உள்ளன. இரண்டாம் அட்டவணை ஒவ்வொரு துறையும் கவனிக்க வேண்டிய பொருள்களை வரிசை எண்ணிட்டுச் சொல்கிறது. பிரதமரின் ஆலோசனையின் பேரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்ததும், அமைச்சரவைச் செயலகம் அரசிதழில் திருத்தம் வெளியிடுகிறது. ஒரு புதிய அமைச்சகம் பிறக்க அது போதும். நாடாளுமன்றத்தில் மசோதா தேவையில்லை. சட்டத்தின் வழியே உருவான ஆணையங்களையும் தீர்ப்பாயங்களையும் கலைக்க மட்டும் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும்.

அரசிதழ் அறிவிப்பு ஒரே நாளில் முடிந்துவிடும். பிறகு வரும் வேலைதான் நீண்டது. பட்ஜெட்டில் மானியக் கோரிக்கை எண் மாற வேண்டும். 1976-இல் கணக்குப் பணி தணிக்கையிலிருந்து பிரிக்கப்பட்டு அமைச்சகங்களிடமே ஒப்படைக்கப்பட்டதால், சம்பளம், பில், ஓய்வூதியக் கணக்குகளும் இடம் மாற வேண்டும். நிலுவை வழக்குகளில் எந்தச் செயலர் பதில் மனு தாக்கல் செய்வது என்று முடிவாக வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது பணிமூப்புப் பட்டியல். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு விதிகளின் கீழ் பணியில் சேர்ந்தவர்களை ஒரே வரிசையில் நிறுத்தும்போது யாரோ ஒருவருடைய பதவி உயர்வு தள்ளிப்போகிறது. அது பல ஆண்டுகள் நீளும் வழக்காகவும் மாறுகிறது. இரண்டு அலுவலகங்கள் உண்மையில் ஒன்றாயினவா என்பதை அறியப் பெயர்ப்பலகையைவிட இந்தப் பட்டியலைப் பார்ப்பதே சரியான வழி.

ஆங்கிலேயர் காலம்

கவர்னர் ஜெனரலின் செயலகம் 1843-இல் வங்காள மாகாணச் செயலகத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. கவர்னர் ஜெனரல் கவுன்சிலின் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு துறைக்குப் பொறுப்பேற்கும் முறையைக் கானிங் பிரபு கொண்டுவந்தார். 1861-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் அதற்கு ஏற்பு அளித்தது. தேவைக்கேற்ப 1871-இல் வருவாய், வேளாண்மை, வணிகத் துறையும் 1905-இல் ரயில்வே வாரியமும் தோன்றின. செயலக நடைமுறையை ஆராய 1919-இல் லுவெலின் ஸ்மித் குழுவும், 1930-களில் வீலர், மேக்ஸ்வெல் குழுக்களும், போர் முடிந்த வேளையில் டாட்டன்ஹாமும் அமர்த்தப்பட்டனர். துறைகளின் பெயர்களிலிருந்து கோப்பில் குறிப்பு எழுதும் முறை வரை இன்றுள்ள பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

கோபாலசாமி ஐயங்கார்

பிரிவினைக்குப் பிறகு பல அதிகாரிகள் இங்கிலாந்துக்கும் பாகிஸ்தானுக்கும் போய்விட்டனர்; அகதிகள் பிரச்சினையும் சமஸ்தானங்களின் இணைப்பும் ஒரே நேரத்தில் செயலகத்தின் தலையில் விழுந்தன. எஞ்சிய அதிகாரிகளைக் கொண்டு சமாளிப்பதற்காக 1947-இல் கிரிஜா சங்கர் பாஜ்பாய் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அடிப்படையான ஆய்வைச் செய்தவர் என். கோபாலசாமி ஐயங்கார். தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்து, சென்னை மாகாண அரசுப் பணியில் வளர்ந்து, காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராகவும் அரசமைப்பு வரைவுக் குழு உறுப்பினராகவும் இருந்தவர் அவர். 1949-இல் அளித்த அறிக்கையில், ஒன்றோடொன்று தொடர்புள்ள அமைச்சகங்களை நான்கு தொகுதிகளாக்கச் சொன்னார்: இயற்கை வளமும் வேளாண்மையும், தொழிலும் வணிகமும், போக்குவரத்தும் தகவல் தொடர்பும், தொழிலாளர் நலமும் சமூகப் பணிகளும். அரசு அந்த அறிக்கையைப் பகுதியளவில்தான் ஏற்றது. பின்னாளில் வந்த குழுக்கள் சொன்ன பலவற்றின் விதை அதில் இருக்கிறது.

தாளில் எழுதியதைக் களத்தில் செய்துபார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. அவர் ரயில்வே அமைச்சராக இருந்த ஆண்டுகளில்தான், நாடெங்கும் சிதறிக் கிடந்த 42 ரயில்வே அமைப்புகள் மண்டலங்களாகத் தொகுக்கப்பட்டன. முதலில் பிறந்தது தெற்கு ரயில்வே. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயும், சென்னையில் இயங்கிய மெட்ராஸ் தென் மராட்டா ரயில்வேயும், மைசூர் சமஸ்தான ரயில்வேயும் 1951 ஏப்ரல் 14 அன்று ஒன்றாயின. தலைமையிடம் சென்னைக்குப் போனது. திருச்சி தலைமை அலுவலகத்தை இழந்தாலும் பொன்மலைப் பணிமனையும் கோட்ட அலுவலகமும் அதனிடம் இருக்கின்றன. மூன்று சம்பள முறைகளும் மூன்று பதவி வரிசைகளும் ஒன்றாகக் கரைந்த இந்த இணைப்பைச் சுதந்திர இந்தியாவின் முழுமையான நிர்வாக இணைப்புகளில் ஒன்று என்று சொல்லலாம். இன்று தெற்கு ரயில்வே ஊழியரிடம் கேட்டால், அது ஒரு காலத்தில் மூன்றாக இருந்தது என்பது வரலாறாக மட்டுமே தெரியும்.

ஆணையங்களின் காலம்

அமெரிக்க நிர்வாக வல்லுநர் பால் ஆப்பிள்பி 1953-இல் அளித்த அறிக்கையின் பேரில், அலுவலக அமைப்பையும் வேலை முறையையும் ஆராயும் தனிப் பிரிவு ஒன்று 1954-இல் அமைச்சரவைச் செயலகத்தில் தொடங்கப்பட்டது. 1966 ஜனவரியில் முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் அமைந்தது. மொரார்ஜி தேசாய் அதற்குத் தலைவரானார்; அவர் துணைப் பிரதமரானபின் கே. ஹனுமந்தையா பொறுப்பேற்றார். 20 அறிக்கைகள், 537 பரிந்துரைகள். கேபினட்டில் 16 பேரும், அமைச்சரவை முழுவதிலும் அதிகபட்சம் 45 பேரும் போதும் என்றது ஆணையம். அரசு ஊழியர் விவகாரங்களுக்கு ஒரு தனித் துறை வேண்டும் என்ற அதன் யோசனைப்படி 1970-இல் பணியாளர் துறை உருவாயிற்று. நிர்வாகச் சீர்திருத்தத் துறையோ 1964-இல் உள்துறையில் பிறந்து, 1973-இல் பணியாளர் துறையோடு சேர்ந்து அமைச்சரவைச் செயலகத்துக்குப் போய், 1977-இல் உள்துறைக்குத் திரும்பி, 1985-இல் தனி அமைச்சகத்தின் பகுதியாயிற்று. பிற துறைகளைச் சீரமைக்க வந்த துறைக்கே இருபது ஆண்டுகளாக ஓரிடத்தில் ஊன்றி நிற்க முடியவில்லை என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி பெரிய இணைப்புகளைச் செய்தார். கல்வி, பண்பாடு, இளைஞர் நலன், மகளிர் நலன் ஆகியவை மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வந்தன. ரயில்வே, விமானப் போக்குவரத்து, சாலை, கப்பல் ஆகியவை ஒரே போக்குவரத்து அமைச்சகமாயின. இரண்டுமே நிலைக்கவில்லை. போக்குவரத்து அமைச்சகம் 1986 அக்டோபரிலேயே மூன்றாகப் பிரிந்தது. மனிதவள மேம்பாட்டிலிருந்து பண்பாடும் இளைஞர் நலனும் மகளிர் நலனும் ஒவ்வொன்றாக விலகின. எஞ்சியது 2020-இல் கல்வி அமைச்சகம் என்ற பழைய பெயருக்கே திரும்பியது.

கூட்டணி ஆட்சிகளும் ஊசலாட்டமும்

1990-களில் கூட்டணி ஆட்சிகள் வந்தபின், இடம் கேட்கும் கட்சிகள் பலவானதால் அமைச்சகங்களும் பெருகின. எரிசக்தி அமைச்சகம் 1992-இல் மின்சாரம், நிலக்கரி, மரபுசாரா எரிசக்தி என்று பிரிந்தது. அரசுப் பங்கு விற்பனைக்கென 1999-இல் தோன்றிய துறை 2001-இல் அமைச்சகமாகி, 2004-இல் நிதி அமைச்சகத்துக்குள் மீண்டும் துறையாகச் சுருங்கியது.

இந்த ஊசலாட்டத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு கப்பலும் சாலையும்தான். 2000 நவம்பரில் தரைவழிப் போக்குவரத்து அமைச்சகம் கப்பல், நெடுஞ்சாலை என இரண்டானது. 2004-இல் மீண்டும் ஒன்றாகி டி.ஆர். பாலுவின் பொறுப்பில் இருந்தது. 2009-இல் மறுபடியும் பிரிந்து, நெடுஞ்சாலை கமல்நாத்துக்கும் கப்பல் ஜி.கே. வாசனுக்கும் போனது. சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் உயர்நிலைச் சாலைக்கு 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டியபோது துறைமுகமும் சாலையும் ஒரே அமைச்சகத்தில் இருந்தன. ஆண்டு முடிவதற்குள் அவை வேறு வேறு அமைச்சகங்கள். அந்தச் சாலைப் பணி பிற்பாடு நின்றதன் காரணம் வேறு. ஆயினும் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்குக் கப்பலும் சாலையும் ஒரே வேலையின் இரு முனைகள்தான்.

இதற்கிடையே, நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது ஊதியக் குழு 1997-இல் சம்பள உயர்வோடு, பத்து ஆண்டுகளில் பணியாளர் எண்ணிக்கையில் 30 சதவீதத்தைக் குறைக்கவும் சொன்னது. சம்பள உயர்வு நடைமுறைக்கு வந்தது. குறைப்பு தாளோடு நின்றது. 2003-ஆம் ஆண்டின் 91-ஆவது அரசமைப்புத் திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கைக்கு மக்களவை இடங்களில் 15 சதவீதம் என்று வரம்பு வைத்தது. அமைச்சகங்களின் எண்ணிக்கைக்கு அத்தகைய வரம்பு கிடையாது. வீரப்ப மொய்லி தலைமையில் அமைந்த இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2009-இல் அளித்த 13-ஆவது அறிக்கை, அமைச்சகங்கள் 20 முதல் 25 வரை இருந்தால் போதும் என்றது.

2014-க்குப் பிறகு

1950-இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் பிறந்த திட்டக் குழு கலைக்கப்பட்டு, 2015 ஜனவரி 1 அன்று நிதி ஆயோக் வந்தது. வெளிநாடுவாழ் இந்தியர் அமைச்சகம் 2016-இல் வெளியுறவுடன் சேர்ந்தது. 2017-இல் நகர்ப்புற வளர்ச்சியும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் ஒன்றாயின. அதே ஆண்டில், 1924 முதல் தனியே படிக்கப்பட்டு வந்த ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டுக்குள் வந்தது. 2019-இல் நீர்வளமும் குடிநீரும் ஜல்சக்தி அமைச்சகத்தின் கீழ் சேர்ந்தன. அமைச்சர் ஒருவர்தான், ஆனால் உள்ளே இரண்டு துறைகள், இரண்டு செயலர்கள், இரண்டு மானியக் கோரிக்கைகள். எதிர்த் திசையிலும் நடந்தது: திறன் மேம்பாடு, மீன்வளம், கூட்டுறவு ஆகியவற்றுக்குப் புதிய அமைச்சகங்கள் எழுந்தன.

செயலகத்துக்கு வெளியே மாற்றம் ஆழமாக இருந்தது. 1953 முதல் இயங்கிய முன்பேர வணிக ஆணையம் 2015-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியோடு இணைந்தது. 17 அரசு அச்சகங்களை ஐந்தாகக் குறைக்க 2017-இல் அமைச்சரவை முடிவெடுத்தது. கோவை பெரியநாயக்கன்பாளையத்து அச்சகமும் நாசிக் அச்சகத்தோடு இணைக்கப்படும் பட்டியலில் இருந்தது. ஆட்குறைப்பு இல்லை என்று அரசு உறுதி தந்தது. ஆனால் பிள்ளைகள் படிக்கும் ஊரை விட்டு மகாராஷ்டிரத்து நாசிக்குக்குப் பெயர்வது எளிதல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2003 முதல் நடந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின.

பிலிம்ஸ் டிவிஷன், தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், குழந்தைகள் திரைப்படச் சங்கம், திரைப்பட விழா இயக்ககம் ஆகியவற்றை தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க 2020 டிசம்பரில் முடிவானது. திரைக்கலைஞர்கள் பலர் எதிர்த்தனர். காப்பகம் பற்றிய அவர்களின் கவலை நியாயமானது. புனேயில் உள்ள அந்தக் காப்பகத்தின் குளிரூட்டிய அறைகளில் அடுக்கியிருக்கும் படச்சுருள் டப்பாக்கள் லாபம் ஈட்டுவதற்கானவை அல்ல. அவற்றைக் காப்பது செலவு மட்டுமே உள்ள வேலை. அதை வணிக நோக்கமுள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும்போது தனிப் பாதுகாப்பு வேண்டும்.

தமிழ்நாட்டை நேராகத் தொட்டது ஆயுதத் தொழிற்சாலைகளின் மாற்றம். கொல்கத்தாவிலிருந்து 41 தொழிற்சாலைகளை நடத்திய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று கலைந்து, ஏழு அரசு நிறுவனங்கள் பிறந்தன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஆவடியிலேயே தலைமையிடம் உள்ள ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் நிறுவனத்துக்கு வந்தன. அதே ஊரில் சீருடை தைக்கும் தொழிற்சாலை, கான்பூரில் தலைமையிடம் உள்ள ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியாவிலும், திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை மற்றொரு நிறுவனத்திலும் சேர்ந்தன. ஏறத்தாழ 70,000 ஊழியர்கள், அரசு ஊழியர் என்ற தகுதி நீங்காமல், அயற்பணியில் இருப்பவர்களாகக் கருதப்படுவர் என்று ஆணை வந்தது. நேற்று வரை ஒரே வாரியத்தின் கீழ் இருந்த அண்டை வீட்டுக்காரர்கள் இப்போது வேறு வேறு நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள்.

கட்டடங்களும் மாறுகின்றன. சாஸ்திரி பவன், கிருஷி பவன், உத்யோக் பவன் என்று டெல்லியில் பரவிக் கிடந்த அமைச்சகங்களைப் பொது மத்தியச் செயலகக் கட்டடங்களுக்குள் கொண்டுவரும் திட்டத்தில் முதலாவதான கர்த்தவ்ய பவன்-3, 2025 ஆகஸ்ட் 6 அன்று திறக்கப்பட்டது. உள்துறை, வெளியுறவு, ஊரக வளர்ச்சி, பெட்ரோலியம் உள்ளிட்ட அமைச்சகங்களுக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.